கீழ்வீட்டுக்குக் கேட்பது

எண்பத்தெட்டுக் கட்டை வேண்டுமென்றுதான் போனேன்.
கையிலிருந்ததற்கு அறுபத்தொன்று வந்தது.
"ஓரத்து இருபத்தேழை
யார் தொடப்போகிறார்கள்" என்றாள் மிலென்கா,
கைபேசி உறைகள் தொங்கும் கம்பிக்குப் பின்னாலிருந்து.
விற்பவள் சொல்லும் ஆறுதலுக்கு ரசீது கிடையாது.

பூந்தா அரெனாஸில்
காற்று யாருக்காகவும் ஒதுங்குவதில்லை.
பேருந்து நின்ற இடத்திலிருந்து நான்கு தெரு,
கீபோர்டைக் குறுக்கே அணைத்துக்கொண்டு நடந்தேன்.
பாய்மரம் ஏற்றிய பெண் போல
இரண்டு முறை தப்பான சந்துக்குள் தள்ளப்பட்டேன்.

அடாப்டர் தனி.
வீட்டில் பழைய ரவுட்டருடையது கிடந்தது,
அதே வோல்ட், அதே வாய்.
"பின்னால் சின்னதாய் ஒரு வட்டப் படம் இருக்கும்,
பார்க்காமல் சொருகிவிடாதே" என்றிருந்தாள்.
பார்த்தேன்.
அதில் நடுப்புள்ளி கூட்டல்.
இதில் கழித்தல்.
முதல் மாதச் சம்பளம் வரை
ஆறு தடித்த பேட்டரிகளோடு குடும்பம் நடத்தினேன்.

பகலெல்லாம் நண்டுக்கால் உடைக்கிற கை.
கையுறைக்குள் ஈரம், ஈரத்துக்குள் குளிர்.
இரவு பதினொன்றாகியும்
விரல்நுனிகள் தொழிற்சாலையிலிருந்து வீடு வந்திருக்காது.
அதனால் தொடுவிசையை அணைத்துவைத்தேன்:
மெல்ல வைத்தாலும் ஓங்கி வைத்தாலும்
ஒரே சத்தம்.
அந்த நேரத்துக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

மூன்றாம் வாரம் நடு ஃபா திக்கத் தொடங்கியது.
நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை வந்தது.
பிறகு அதுவும் இல்லை.
ஹெட்போனுக்குள் வால்ஸ் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்,
அந்த இடம் வந்ததும்
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தது போல
வயிறு ஒருமுறை இறங்கும்.

ஞாயிறன்று கீழ்வீட்டு ஹெரிபெர்த்தோ வந்து தட்டினார்.
சண்டைக்கென்று நினைத்தேன்.
"ராத்திரியில் என்ன டைப் அடிக்கிறாய்?"
பியானோ என்றேன். ஹெட்போனைக் காட்டினேன்.
"பாட்டெல்லாம் வரவில்லை.
தட்டல்தான் வருகிறது, சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக.
டம் டக் டக்.
டம் டக் டக்.
எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன்.
ஒன்றுகூடத் தப்புவதில்லை."

ஒன்றுகூடத் தப்புவதில்லை.
எனக்குச் செத்த கட்டை
அவர் கூரையில்
இத்தனை நாளும் முழுசாய் இறங்கியிருக்கிறது.

அன்றைக்கே கவிழ்த்துப் போட்டேன்.
இருபத்துமூன்று திருகாணிகள்,
எடுத்த வரிசையில் முட்டை அட்டைக் குழிகளில்.
கட்டைகளுக்கு அடியில் ரப்பர்ப் பட்டை ஒன்று,
கொப்புளம் கொப்புளமாய்;
ஒவ்வொரு கொப்புளத்தின் வயிற்றிலும் கரிப்பொட்டு.
ஃபாவின் பொட்டில் மட்டும் ஒரு மயிரிழை,
முந்தைய வீட்டுப் பூனையுடையதாக இருக்கலாம்.
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.
உலரும் வரை கை வைக்காதே என்பதுதான்
இதில் கடினமான வேலை.

ஃபா வந்துவிட்டது.
பக்கத்துக் கட்டைகளைவிடக் கொஞ்சம் புதிதாக,
முடிவெட்டிக்கொண்டு வந்தவனைப் போல.

அவருக்காகத் தாங்கியின் நான்கு காலுக்கும்
தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய ரப்பர் பாயை
வெட்டி வைத்தேன்.
பத்து நாள் கழித்து மாடிப்படியில் பார்த்தேன்.
"இப்போது தூக்கம் வருகிறதா?"
பால் பையைக் கை மாற்றிக்கொண்டார்.
"வருகிறது.
எப்போது வந்தது என்றுதான் தெரிவதில்லை."

ஒரு காலின் பாயை இழுத்துவிட்டேன்.
இப்போது லேசாக ஆடுகிறது.
முட்டை அட்டையில் மிஞ்சிய ஒரு திருகாணி
ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது.
எந்தத் துளையுடையதென்று
இதுவரை எதுவும் கேட்கவில்லை.